காயாத பாவாடை

அரபு தேசத்தில் மணலுக்கு நடுவில் ஒரு ஊர், அந்த ஊரின் கடைசித் தெருவில் ஒரு நாலு மாடிக் கட்டடம், அந்தக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு வீட்டுக்கும் சேர்த்து மேலேயிருந்து விழுகிற தண்ணீர் என்றால் அது ஏ.சி. குழாயில் சொட்டுகிற தண்ணீர் மட்டும்தான். மற்றதெல்லாம் லாரித் தண்ணீர். வாயில் வைத்தால் உப்பு, சோப்புப் போட்டால் நுரைக்காது, அதில் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்ட சட்டை பத்தே நிமிஷத்தில் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும், மடிக்கும்போது ஒடிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். லாரிக்காரன் வைத்ததுதான் விலை. அதனால் அந்தக் கட்டடத்துப் பெண்கள் இரண்டு பேர் மாடிப்படியில் சந்தித்துக்கொண்டால் புருசனைப் பற்றிக்கூடப் பேச மாட்டார்கள், எப்படித் துவைத்தால் தண்ணீர் மிச்சம் என்றுதான் பேசுவார்கள்.

அந்த வித்தையில் மூன்றாவது மாடி எஸ்தரை அடிக்க ஆள் கிடையாது. ஏ.சி. தண்ணீரைக் குழாய் வைத்து டிரம்மில் பிடிப்பாள், அதில் வெள்ளைத் துணியை அலசுவாள், அலசின தண்ணீரில் கலர்த்துணியை நனைப்பாள், அந்தத் தண்ணீரில் தரையைத் துடைப்பாள், தரை துடைத்ததைக் கக்கூசில் ஊற்றுவாள். எஸ்தர் வீட்டுக்குள் நுழைந்த தண்ணீர் நாலு வேலை பார்க்காமல் வெளியே போக முடியாது என்று பன்னிரண்டு வீட்டிலும் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுத் தங்கள் வீட்டில் போய் அதையே செய்வார்கள். அவள் புருசன் செல்லத்துரை ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்தான். ரெண்டு பேரும் நம்மூர் நாசரேத்துப் பக்கத்துக்காரர்கள்.

அந்த வீட்டுக்குத்தான் இசக்கியம்மாள் வேலைக்கு வந்தாள். சாத்தான்குளத்தைத் தாண்டி ஒரு சின்ன ஊர். புருசன் கேரளாவுக்கு ரப்பர் பால் வெட்டப் போனவன், அங்கேயே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. ஐந்து வயசில் ஒரு பெண் குழந்தை, பிரம்மசக்தி என்று பெயர், அதைத் தம்பியிடமும் தம்பி பெண்டாட்டி ராசகனியிடமும் விட்டுவிட்டு, ரெண்டு வருஷம், ரெண்டே வருஷம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

கிளம்புகிற அன்றைக்கு ஒரு தப்பு நடந்தது. ஊருக்குப் போகிறவர்கள் படியிறங்கின பிறகு வீட்டைக் கூட்டக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, போனவர்கள் போய்ச் சேருகிறவரைக்கும் கூடாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. அதனால் இசக்கி விடியக்காலையிலேயே வீட்டுத் துணி முழுவதையும் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டாள். வேன்காரன் ஆரன் அடிக்கிற நேரத்தில் பிள்ளை அவள் காலைக் கட்டிக்கொண்டு கத்திக் கத்தி, தின்ற எலுமிச்சம்பழச் சோற்றைப் பாவாடையிலேயே கக்கிவிட்டது. தான் போன பிறகு யாரும் துவைக்க மாட்டார்கள், அப்படியே நாறும் என்று இசக்கி அந்தச் சிவப்புப் பாவாடையை உருவி, அடிகுழாயில் அலசிப் பிழிந்து, ஒரு கவரில் சுற்றி, முக்கில் நிற்கிற தம்பியிடம் கொடுத்து உதறிப் போடச் சொல்லலாம் என்று கைப்பைக்குள் வைத்தாள். முக்கில் தம்பியைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது, பாவாடை மறந்துபோய்விட்டது. அது அவளோடு திருவனந்தபுரம் போய், விமானம் ஏறி, மணலுக்கு நடுவில் வந்து இறங்கியது.

மறுநாள் மொட்டை மாடிக் கம்பியில் அதை விரித்துப் போட்டாள். பத்து நிமிஷம் கழித்துப் போனாள், காயவில்லை. மத்தியானம் போனாள், காயவில்லை. நிலைக்கதவில் கை வைத்தால் தோல் உரிகிற வெயில், பக்கத்துக் கம்பியில் கிடந்த கம்பளி முறுகிக் கிடக்கிறது, அரை முழப் பாவாடை மட்டும் சொட்டு, சொட்டு, சொட்டு என்று கீழே ஒரு வட்டத்தை நனைத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் அந்த ஈரத்தில் ரெண்டு புறா வந்து அலகை நனைத்துக்கொண்டு நின்றன. நாலாம் நாள் எஸ்தர் மாடிக்கு வந்தாள், பார்த்தாள், கீழே போய் ஒரு வாளியை எடுத்துவந்து வைத்தாள்.

சாயங்காலம் வாளி நிரம்பியிருந்தது. ஒரு சொட்டை நாக்கில் விட்டுப் பார்த்தாள், லேசாய்க் கரித்தது, லாரித் தண்ணீரின் கரிப்பு இல்லை, வேறே கரிப்பு. ஆனால் சோப்பை நனைத்ததுதான் தாமதம், வாளிக்கு மேலே ஒரு முழம் நுரை எழும்பியது. அதில் அலசின செல்லத்துரையின் சட்டை பிறந்த பிள்ளையின் காது மாதிரி மெத்தென்று காய்ந்தது.

“ஏ இசக்கி,” என்றாள் எஸ்தர், “நீ கால் வச்ச நேரம், கர்த்தர் கண்ணைத் திறந்துட்டார் பாத்துக்கோ.”

இது ஒளித்துவைக்கிற சங்கதியா? ஒரு மாதத்துக்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. லாரி வராத நாளில் தண்ணீர் எங்கிருந்து வந்தால் என்ன? அவர்களுக்கு இருந்த கேள்வியெல்லாம் யாருக்கு எந்தக் கிழமை என்பதுதான். ரெண்டாவது மாடி சாரம்மா டீச்சர், மலையாளத்துக்காரி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு அட்டவணை எழுதி மாடிக் கதவில் ஒட்டினாள். வாட்ச்மேன் ஜமால், வங்காளத்துக்காரன், பழைய பிளாஸ்டிக் தொட்டியைப் பாவாடைக்குக் கீழே நகர்த்தி ஒரு குழாயும் வைத்துக் கொடுத்தான். ஹைதராபாத்துக்காரி தன் நாளில் போர்வையை நனைத்துவிட்டாள் என்று எகிப்துக்காரி சண்டைக்குப் போனாள், போர்வை ஒரு துணியா மூன்று துணியா என்று ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் பஞ்சாயத்து நடந்து மூன்று என்று தீர்ப்பாயிற்று. புதிதாய்க் குடிவந்தவர்கள் அதென்ன பாவாடை என்று கேட்டால், அதுதான் தண்ணி என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

இசக்கிக்கும் முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வீட்டிலிருந்தும் கறி வரும், பிரியாணி வரும், பேரீச்சம்பழம் வரும். தலைவலி என்றால் நாலு தைலம் வந்து நிற்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஊருக்குப் பேசுவாள். பேசுவதென்ன, பிள்ளை அழும், இவள் கேட்டுக்கொண்டிருப்பாள். “எப்பம்மா வருவ? நாளைக்கு வாரியா? நாளைக்கழிச்சு வாரியா?” வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் பாவாடை சொட்டாது, நூல் பிடித்து ஒழுகும். முதலில் கவனித்தவன் ஜமால்தான், தொட்டி அவன் பொறுப்பு. ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தபோது பிள்ளையைத் தம்பி ராட்டினத்தில் ஏற்றி, பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து, மூன்று நாள் அவள் சிரித்துக்கொண்டே இருந்தாளாம். அந்த மூன்று நாளும் பாவாடை ஓரத்தில் ஒரு முத்துத்தான் தொங்கியது, விழவே இல்லை. பெண்கள் தொட்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். புரிந்துவிட்டது. சாரம்மா டீச்சர் அட்டவணையைக் கிழித்துவிட்டு, பெரிய துணியெல்லாம் சனிக்கிழமை என்று புதிதாக எழுதி ஒட்டினாள்.

இசக்கிக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது. ஐயோ, என் பிள்ளை கண்ணீரிலா இவர்கள் திரைச்சீலை அலசுகிறார்கள் என்று ஓடிப்போய்க் கம்பியிலிருந்து பாவாடையை உருவி மார்போடு வைத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கட்டில் நனைந்தது, தரை நனைந்தது, கதவிடுக்கு வழியாக ஹாலுக்கு வந்தது. எஸ்தர் கதவைத் தட்டினாள். கோபப்படவில்லை, அதுதான் கொடுமை.

“அழுற பிள்ளை எப்படியும் அழத்தான செய்யும் இசக்கி? நீ எடுத்து ஒளிச்சு வச்சா நிக்கவா போவுது? வீணாத் தரையில போறதுக்கு நாலு குடும்பம் துணி துவைச்சா அந்தப் பிள்ளைக்குப் புண்ணியம். நானும் தாய்தான். எனக்குத் தெரியாதா?”

ரெண்டு வருஷத்தில் போய்விடுவோம், இன்னும் ஏழு மாசம்தானே என்று இசக்கி பாவாடையைத் திரும்பக் கொண்டுபோய்க் கம்பியில் போட்டாள்.

ஏழு மாசமும் போயிற்று. லீவு கேட்டாள். அதற்குள் கட்டடத்துச் சொந்தக்காரர் காதுக்குச் சங்கதி போய், தண்ணீரோடு சேர்ந்த வீடு என்று சொல்லி வாடகையை ஏற்றிவிட்டிருந்தார். மிச்சம் பிடித்ததெல்லாம் வாடகைக்குப் போனது, பாவாடை நின்றாலும் ஏற்றின வாடகை குறையாது, லாரிக்கும் காசு கொடுக்க வேண்டியிருக்கும். பன்னிரண்டு வீட்டுக்கும் கழுத்தில் சுருக்கு விழுந்துவிட்டது, அவர்கள் அந்தச் சுருக்கின் மறுமுனையை இசக்கியின் காலில் கட்டினார்கள். ரமலான் வருகிறது, வீடெல்லாம் கழுவ வேண்டாமா, அது முடியட்டும் என்றார்கள். பெருநாள் முடிந்தது. கோடை வந்துவிட்டது, கோடையில் தண்ணீர் இல்லாமல் எப்படி என்றார்கள். கோடை முடிந்தது. கிறிஸ்மஸ் முடியட்டும் என்றாள் எஸ்தர். பாஸ்போர்ட் செல்லத்துரையின் அலமாரியில், எஸ்தரின் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருந்தது. “பத்திரமா இருக்கும்மா, உனக்கென்ன கவலை?” என்பான் செல்லத்துரை. “நீ போயா நாங்க என்னா செய்யும் மோளே?” என்று சாரம்மா டீச்சர் கன்னத்தைத் தடவுவாள். கடைக்குத் தனியே போனால் வண்டி தட்டிவிடும் என்று யாராவது ஒருத்தி கூடவே வருவாள். மாடிப்படியில் ஏறினால் கையைப் பிடித்துக்கொள்ள ஆள், இறங்கினால் பிடித்துக்கொள்ள ஆள். அடித்தால் அழலாம், பட்டினி போட்டால் போலீசுக்குப் போகலாம், வாய்க்குள் பேரீச்சம்பழத்தை ஊட்டிக்கொண்டே வாசலை மறித்து நிற்கிறவர்களை என்ன செய்வது? பகலில் அவள் மாடிச்சுவரைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்ப்பாள், மணல், மணல், கண்ணுக்கு எட்டின மட்டும் மணல், நடந்து போகிறதற்கு ஒரு திசை கிடையாது.

மூன்றாம் வருஷம் பங்குனியில் ராசகனி போனில் ஒரு பேச்சை விட்டாள்.

“மைனி, ஒண்ணு சொன்னா கோவப்படாதிய. அந்த எஸ்தரக்காகிட்ட சொல்லி வையுங்க. வாரா வாரம் புதன்கிழமை போன் பண்ணி, உங்கம்மா ஞாயித்துக்கிழமை வாரான்னு பிள்ளைகிட்டச் சொல்லுதாங்க. இவ குளிச்சுப் பூ வச்சுக்கிட்டு பஸ் நிக்கிற இடத்துல போயி நிக்கா. வெள்ளிக்கிழமை நீங்க வரலன்னு சொல்லுதிய. பிள்ளை உருளுதா மைனி. ரெண்டு வேளை சாப்பிட மாட்டேங்கா.”

இசக்கி போனை வைத்தாள். எஸ்தர் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவின தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்ற ஓரமாய் வைத்திருந்தாள். அவளைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. கொன்றால் பாஸ்போர்ட் வருமா? வராது. கெஞ்சிப் பார்த்தாயிற்று, காலில் விழுந்து பார்த்தாயிற்று. பாவாடை ஒழுகுகிற மட்டும் இவர்கள் விட மாட்டார்கள், பிள்ளை எதிர்பார்க்கிற மட்டும் பாவாடை ஒழுகும், நான் பிள்ளைக்குத் தாயாய் இருக்கிற மட்டும் பிள்ளை எதிர்பார்க்கும். இப்படி ஒரு முடிச்சை எந்தப் பேய் போட்டதோ. எந்த நூலை அறுத்தால் அவிழும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு மாசம் அழும், ரெண்டு மாசம் அழும், பிறகு நான் போய் மடியில் போட்டுக்கொண்டால் சரியாகிவிடும், பெற்ற பிள்ளைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை போன் போட்டாள்.

“சக்தி, அம்மா சொல்லுததை நல்லாக் கேளு. அம்மா வர மாட்டேன்.”

“அடுத்த ஞாயித்துக்கிழமையாம்மா?”

“எந்த ஞாயித்துக்கிழமையும் இல்ல. யாரு போன் பண்ணிச் சொன்னாலும் நம்பாத. பஸ்ஸுக்குப் போயி நிக்காத. உனக்கு அத்தை இருக்கா, மாமா இருக்கான். அம்மா இல்லன்னு நினைச்சுக்கோ.”

“பொய்தானம்மா? விளையாட்டுக்குத்தான சொல்லுத?”

“பொய் இல்லட்டி. அழாத. அழுற பிள்ளை எனக்கு வேண்டாம்.”

சொல்லிவிட்டுப் போனை அணைத்து, அதைக் கொண்டுபோய் ஜமாலிடம் கொடுத்து, நான் கேட்டாலும் தராதே அண்ணே என்றாள். ஜமாலுக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தைதான், ஆனால் அவனுக்கும் ஊரில் ரெண்டு பிள்ளைகள். வாங்கி மடியில் முடிந்துகொண்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் பாவாடை கொட்டியது. ஒழுகவில்லை, கொட்டியது. தொட்டி நிரம்பி, மாடி நிரம்பி, படிக்கட்டு வழியாக நாலு மாடிக்கும் தண்ணீர் இறங்கியது. பன்னிரண்டு வீட்டிலும் கல்யாண வீட்டுக் கலகலப்பு. திரைச்சீலையைக் கழற்றினார்கள், மெத்தை உறையை உருவினார்கள், ஜமுக்காளம், கம்பளம், கார் சீட்டு உறை, மூன்று வருஷமாய்த் துவைக்காத கோட்டு, ஒன்று விடவில்லை. எகிப்துக்காரி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். “இசக்கி, இசக்கி, இங்க வந்து பாரேன்!” என்று எஸ்தர் மேலேயிருந்து கூப்பிட்டாள். இசக்கி படிக்கட்டின் அடியில் முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தண்ணீர் ஒவ்வொரு படியாய் இறங்கி வந்து அவள் மடியில் விழுந்தது, வெதுவெதுவென்று இருந்தது. போனைக் கொடு என்று மூன்று தடவை ஜமாலிடம் ஓடினாள். மூன்று தடவையும் அவன் தலையை ஆட்டினான், மூன்றாவது தடவை அவன் கண்ணும் கலங்கிவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பேசவில்லை. அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் பேசவில்லை. வெள்ளம் ஒழுக்காயிற்று, ஒழுக்கு சொட்டாயிற்று. எஸ்தர் பதறிப்போய்ப் பிள்ளைக்குப் போன் செய்து, உங்கம்மா ஞாயித்துக்கிழமை வாரா கண்ணு என்றாள். “சரி சித்தி,” என்றதாம் பிள்ளை. அவ்வளவுதான், சரி சித்தி. ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாவாடை ஓரத்திலிருந்து உள்ளே, உள்ளேயிருந்து இடுப்புப் பட்டி வரைக்கும், பத்தே நிமிஷத்தில் காய்ந்து விறைத்து, மற்ற எல்லாத் துணியும் போல ஆகிவிட்டது. சாரம்மா டீச்சர் மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஹைதராபாத்துக்காரி ஓதி ஊதினாள். எஸ்தர் அதைத் தண்ணீரில் முக்கித் திரும்பக் காயப்போட்டாள், திரும்பப் பத்து நிமிஷம்.

ஒரு வாரம் பார்த்தார்கள். பிறகு பிரியாணி வரவில்லை, பேரீச்சம்பழம் வரவில்லை, படியில் கையைப் பிடிக்க ஆளில்லை. இப்படி நன்றி கெட்டவளா இருப்பாளா என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். எஸ்தர் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து மேஜையில் போட்டாள். “ஒரு வார்த்தை முன்னாலயே சொல்லியிருந்தா, தொட்டியாவது ரெண்டு வாங்கி நிரப்பி வச்சிருப்பேன்,” என்றாள். அவளுக்கு உண்மையாகவே மனசு விட்டுப்போயிருந்தது. பெட்டியைக் கீழே இறக்கிக் கொடுத்தவன் ஜமால் ஒருத்தன்தான். “போ தங்கச்சி, போ, போ,” என்றான்.

போனாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது ராசகனி பிள்ளையோடு நின்றாள். எட்டு வயசு, நெட்டையாய், மெலிந்து, எண்ணெய் வைத்துப் படிய வாரின தலை. இசக்கி பெட்டியைத் தெருவில் போட்டுவிட்டு ஓடிக் கட்டிக்கொண்டாள். பிள்ளை கட்டுப்பட்டு நின்றது, விலகவில்லை, அணைக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாங்கிவந்த பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லாயிருக்கு என்று அலமாரியில் வைத்துவிட்டது.

“தங்கமான பிள்ளை மைனி,” என்றாள் ராசகனி, “ஒரு அடம் கிடையாது. அன்னைக்கு ஒரு மாசம் அழுதா பாருங்க, அதோட சரி. பல்லு விழுந்தப்பக்கூட அழல. காய்ச்சல்ல ஊசி போட்டப்பக்கூட அழல. டாக்டரே மெச்சிக்கிட்டாரு.”

மூன்றாம் நாள் காலையில் வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை கல் தடுக்கி விழுந்தது. நல்ல அடி, முழங்கால் கிழிந்துவிட்டது. இசக்கி பதறி ஓடிவருவதற்குள் அவளே எழுந்து, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடிகுழாய்ப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். இசக்கி குறுக்கே விழுந்து உட்கார்ந்து ரெண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

“வலிக்குதாட்டி?”

“வலிக்கி.”

“அப்பம் அழுட்டி. அம்மாதான் வந்துட்டேன்லா. இனி எங்கயும் போ மாட்டேன். அன்னைக்கு அம்மா சொன்னது பொய். நீ அழு தாயி, உரக்க அழு, அம்மா தூக்குதேன்.”

பிள்ளை அவளைப் பார்த்தது. நல்ல பிள்ளை, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. சரி என்று தலையாட்டிவிட்டு, கண்ணை இறுக்க மூடி, உதட்டைப் பிதுக்கி, மூக்கைச் சுளித்து, முஷ்டியால் ரெண்டு கண்ணையும் தேய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கண்ணைத் திறந்தது.

“வர மாட்டேங்கும்மா,” என்றது.

முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்து கணுக்கால் வரைக்கும் வந்திருந்தது.